ஷெட்லாந்தில் மூன்று நாள்: பஃபினுக்கா, வைக்கிங்குக்கா?

பயணி: ஜூன் இறுதியில் அபெர்டீனிலிருந்து இரவுக் கப்பலில் ஸ்காட்லாந்தின் வடக்கிலுள்ள ஷெட்லாந்து தீவுகளுக்குச் செல்கிறோம். மூன்று நாள்தான் இருக்கிறது. கடற்கரை, பறவைகள், வைக்கிங் சின்னங்கள் ஆகிய மூன்றில் ஒன்றை விட்டுவிட வேண்டுமென்றால் எதை விடலாம்?

நெய்தல்: தயங்காமல் வைக்கிங்கை விடுங்கள். யார்ல்ஸ்ஹாஃப் என்ற தொல்லியல் இடத்தின் பெயரே வால்டர் ஸ்காட் தம் நாவல் ஒன்றுக்காகக் கற்பனையாகச் சூட்டியது. அங்குள்ள வைக்கிங் வீடுகளில் எஞ்சியிருப்பவை தாழ்வான அடிச்சுவர்கள் மட்டுமே. 1958இல் செயின்ட் நினியன் தீவில் கிடைத்த வெள்ளிப் புதையலும் வைக்கிங்குகளுடையதன்று, ஸ்காட்லாந்தின் பழங்குடிகளான பிக்ட் மக்களுடையது. அதையும் எடின்பரோவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாறாக, சம்பரோ முனையில் கலங்கரை விளக்கத்தின் மதிலோரம் நின்றால், அலகில் நாலைந்து மீன்களைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு பஃபின் என்னும் கடற்பறவை நம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து இறங்கும். ஆகஸ்ட் தொடங்கியதும் அவை கடலுக்குப் போய்விடும். கற்கள் எங்கும் போகப்போவதில்லை.

கல்மேடு: நண்பர் நெய்தல் பெயரைக் குறை சொல்லி இடத்தையே தள்ளிவிடுகிறார். பெயர் ஸ்காட்டுடையதாக இருக்கலாம், ஆனால் 9ஆம் நூற்றாண்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக நார்ஸ், அதாவது வைக்கிங் வழிவந்த, குடியானவர்கள் அங்கே வாழ்ந்ததை அகழாய்வு காட்டியிருக்கிறது. மேலும் யார்ல்ஸ்ஹாஃபும் சம்பரோ முனையும் ஒரே சாலையில், நடந்தே போகும் தொலைவில் இருப்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றைப் பார்க்க வேண்டிய கட்டாயமே இல்லை. (அந்தச் சாலை விமான ஓடுபாதையைக் குறுக்கே கடக்கிறது, விமானம் வரும்போது தடுப்புப் போட்டு வண்டிகளை நிறுத்துவார்கள்.) ஷெட்லாந்தில் வைக்கிங்கைக் கல்லில் மட்டும் தேடினால் ஏமாற்றம்தான், ஊர்ப் பெயர்களில் தேட வேண்டும். லெர்விக் என்பதில் உள்ள 'விக்' பழைய நார்ஸ் மொழியில் விரிகுடா. முனைகளின் பெயரில் வரும் 'நெஸ்' நிலமுனை. 1469இல் டென்மார்க் மன்னர் மகளின் சீதனத்துக்கு ஈடாக ஸ்காட்லாந்திடம் அடகு வைத்த தீவுகள் இவை. அடகு மீட்கப்படவே இல்லை.

நெய்தல்: பெயர்களை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர்களைப் படிக்க வரைபடம் போதுமே? ஜனவரியில் வைக்கிங் வேடமிட்டு நடத்தும் 'அப் ஹெல்லி ஆ' தீப்பந்த விழாவைப் பார்த்து மயங்குபவர்கள், அதன் இன்றைய வடிவம் 19ஆம் நூற்றாண்டில் உருவானது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கல்மேடு: விழாவைப் பற்றி நானும் அப்படியே நினைக்கிறேன். மூசா தீவைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? இரும்புக் காலத்தவர் கட்டிய, 13 மீட்டர் உயரமுள்ள அந்தக் கற்கோபுரத்தில் எர்லெண்ட் என்பவர் ஒரு பிரபுவின் தாயாருடன் தஞ்சம் புகுந்து முற்றுகையைத் தாங்கிய கதை சாகா எனப்படும் பழைய நார்ஸ் வீரகதையில் வருகிறது. இன்று அதே சுவரின் இடுக்குகளில் புயல் பெட்ரல் பறவைகள் கூடு கட்டுகின்றன. பகல் முழுதும் கடலில் இருக்கும் இணைகள் நள்ளிரவில் திரும்பும்போது, கல்லுக்குள்ளிருந்து குறட்டை போன்றதொரு ஒலி எழும்.

நெய்தல்: மூசாவுக்கு மறுப்பில்லை. ஆனால் நான் அங்கே போவது பெட்ரலுக்காக.

பயணி: அப்படியானால் முதல் நாள் சம்பரோவும் யார்ல்ஸ்ஹாஃபும், இரண்டாம் இரவு மூசா. இரவுப் படகுக்கு இன்றே முன்பதிவு செய்கிறேன். மூன்றாம் நாள் செயின்ட் நினியன் மணல்திட்டில் குழந்தைகள் விளையாடட்டும்.