ஸ்பைடர் பால் பைத்தானை இனியும் ஜோடி சேர்க்கலாமா?

செம்பருத்தி:
பிரிட்டனில் இன்டர்நேஷனல் ஹெர்பெட்டாலஜிகல் சொசைட்டி என்ற ஊர்வன ஆர்வலர் சங்கம் தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் பால் பைத்தான் என்ற வளர்ப்பு மலைப்பாம்பை விற்கத் தடை போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. அமெரிக்காவில் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. பொன்னிற உடம்பில் மெல்லிய கறுப்புக் கோடுகள் வலைபோல ஓடும் மார்ஃப், அதாவது நிற வகை, இது. கூடவே தலை நடுங்கும், கழுத்து திருகிக்கொள்ளும், எலியைக் கொத்தப் போனால் குறி தவறும். மோசமானவை மல்லாந்தால் நிமிரத் திணறும். இதைத் தெரிந்தே பொரிக்க வைப்பது சரியா?

டெக்சாஸ் ரவி:
என்னிடம் ஒரு ஆண் பம்பிள்பீ இருக்கிறது, அதாவது ஸ்பைடரும் பாஸ்டல் என்ற இன்னொரு மார்ஃபும் சேர்ந்தது. நன்றாகச் சாப்பிடுகிறது, ஒழுங்காகச் சட்டை உரிக்கிறது. எலியைப் பார்த்தால் மட்டும் தலை லேசாக ஆடும். யூடியூபில் வரும் மோசமான வீடியோவை வைத்து எல்லாவற்றையும் எடைபோடாதீர்கள் மேடம். குறைவாக ஆடுகிறவற்றையே ஜோடி சேர்த்தால் போதும்.

செம்பருத்தி:
அது நடக்காது ரவி. இன்றுள்ள ஸ்பைடர்கள் எல்லாம் 1999-இல் அமெரிக்காவுக்கு வந்த ஒரே ஆப்பிரிக்கப் பாம்பின் வாரிசுகள். இத்தனை காலம் வேறு வம்சங்களோடு கலந்தும் ஆட்டம் போகவில்லை. நிறமும் ஆட்டமும் ஒன்றாகவே இறங்குகின்றன. லேசாக ஆடும் தாய்க்கு மோசமாக ஆடும் குட்டி பொரிக்கலாம், முட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2022-இல் ப்ளாஸ் ஒன் அறிவியல் இதழில் வந்த ஆய்வு, ஸ்பைடர்களின் தலையை மைக்ரோ சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. சமநிலைக்கான உள்காதின் அரைவட்டக் குழாய்களே கோணலாக இருந்தன.

டெக்சாஸ் ரவி:
அதில் பார்த்த பாம்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். காது கோணல் என்று காட்டினார்கள், சரி. பாம்பு துன்பப்படுகிறது என்று காட்டவில்லையே? மூச்சுத் திணறும் பக் நாயைக் கொஞ்சுகிற உலகம் பாம்புக்காரனிடம் மட்டும் நியாயம் கேட்கிறது.

பெர்லின்வாசி:
பக் வாதம் இங்கே செல்லாது தம்பி. ஜெர்மனியின் விலங்கு நலச் சட்டம் 11பி பிரிவு, வலியோ துன்பமோ தரும் பரம்பரைக் குறைபாடு வரும் என்று தெரிந்தால் அந்த இனப்பெருக்கத்தையே தடுக்கிறது. நாயும் அதில் அடக்கம். அப்புறம், சாப்பிடுவதை வைத்து உடல்நலத்தைச் சொல்ல முடியாது. குறையே இல்லாத பால் பைத்தான்கூட மாதக்கணக்கில் எலியைத் தொடாமல் கிடக்கும். வளர்த்தவர்களுக்கு அந்தத் தலைவலி தெரியும்!

டெக்சாஸ் ரவி:
ஆக, துன்பம் உண்டா இல்லையா என்று யாருக்கும் உறுதியில்லை. பிறகு எதற்குத் தடை?

செம்பருத்தி:
உறுதியில்லை என்றால் பாம்பின் பக்கம் சாயலாமே. ஸ்பைடர் இல்லாவிட்டால் யாருக்கு நஷ்டம்? பைபால்ட், க்ளவுன் என்று ஆடாத மார்ஃப்கள் ஏராளம். உங்கள் பம்பிள்பீயைக் கைவிடச் சொல்லவில்லை. உயரமான கிளை வைக்காதீர்கள், எலியை இடுக்கியில் முகத்துக்கு நேரே நீட்டுங்கள், கடைசிவரை வளருங்கள். ஜோடி மட்டும் வேண்டாம்.

டெக்சாஸ் ரவி:
ஜோடிக்குப் பெண் பாஸ்டல் வாங்கியாகிவிட்டது. குட்டிகளில் ஏறக்குறைய பாதிதான் ஸ்பைடராக வரும்.

செம்பருத்தி:
அந்தப் பாதியை விற்கும்போது தலை ஆடும் என்று சொல்வீர்களா?

டெக்சாஸ் ரவி:
கேட்டால் சொல்வேன்.