மறுமொழி: கார் பெயின்ட் சீலன்ட்டுக்குத் தமிழ்ச் சொல் – 'அடைப்பான்' வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம்,

கார் பெயின்ட் மேல பாதுகாப்புக்காகத் தடவுற சீலன்ட்டைத் தமிழ்ல எப்படிச் சொல்லலாம்னு பேசிட்டிருக்கற இந்த இழையை ரெண்டு நாளா படிச்சிட்டுத்தான் இருந்தேன், பதில் போட நேரம் கிடைக்கல, அதுக்குள்ள நாலஞ்சு சொல் வந்து விழுந்து கடைசியில 'அடைப்பான்'ங்கறது கிட்டத்தட்ட முடிவான மாதிரி பேச்சு போறதைப் பாத்ததும் பதறிப்போய் உக்காந்து எழுதுறேன், நீளமாப் போனா பொறுத்துக்கங்க.

> சீல் என்றால் அடை. சீலன்ட் என்றால் அடைப்பான். இதில் குழப்பமே இல்லை.

குழப்பம் இருக்குங்க ஐயா. முதல்ல, அடைப்பான்னா மாட்டுக்கு வர்ற நோய், ஆந்த்ராக்ஸ். "வண்டிக்கு அடைப்பான் போட்டாச்சு"ன்னு மாடு வச்சிருக்கறவங்ககிட்ட சொல்லிப் பாருங்க. சரி அதை விடுங்க, ஒரு சொல்லுக்கு ரெண்டு பொருள் இருக்கறது ஒண்ணும் குத்தம் இல்ல. என் சண்டை வேற. இந்தச் சாமான் எதையும் அடைக்கிறதே இல்ல. குளியலறை டைல்ஸ் இடுக்குல பிதுக்கி விடுற சிலிக்கோன் சீலன்ட் அடைக்குது. கார் பாடியில ரெண்டு தகடு சேர்ற மூட்டுல தண்ணி இறங்காம இருக்க ஃபேக்டரியிலயே ஒரு கெட்டியான பசை போடுவாங்க, அதுவும் அடைக்குது. அதுக்கெல்லாம் அடைப்பான் தாராளமா வச்சுக்கலாம். பெயின்ட் மேல தடவுற சீலன்ட் வேற ஜாதி, இங்கிலீஷ்காரன் ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சது அவன் பிரச்சினை, அதை நாம எதுக்கு இறக்குமதி பண்ணணும்?

என்ன நடக்குதுன்னு ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் பேர் வைப்போம். தகட்டு மேல மின்சாரத்துல படிய வச்ச பிரைமர், அது மேல இன்னொரு பிரைமர், அது மேல நிறம், எல்லாத்துக்கும் மேல நிறமே இல்லாத கிளியர் கோட். நாலும் சேந்து சுமாரா 100-லேர்ந்து 150 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), அதுல கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான், அதாவது தலைமுடி கனம்கூட இல்ல. நாம கார்ல தொடுறது, கழுவுறது, கீறிட்டு வருத்தப்படுறது எல்லாம் இந்த கிளியர் கோட்டைத்தான். சீலன்ட்டுங்கறது இதுக்கு மேல ஒரு மைக்ரான்கூட தேறாத ஒரு படலம். வேதிக்குழு சேத்த சிலிக்கோன், இல்லன்னா வேற செயற்கைப் பலபடி (பாலிமர்), கரைப்பான்ல கலந்து வரும், கரைப்பான் பறந்ததும் மிச்சம் இருக்கறது கிளியர் கோட்டைப் பிடிச்சுக்கும். பறவை எச்சம், பூச்சி, உப்புத்தண்ணி இதெல்லாம் நேரா கிளியர் கோட்டைத் தின்னாம முதல் அடியை இது வாங்கிக்கும். அவ்வளவுதான் வேலை. கல் தெறிச்சாத் தாங்காது, சாவியால கோடு போட்டாத் தாங்காது. வெயிலைத் தடுக்கும்னு டப்பாவுல போட்டிருப்பான், ஆனா புற ஊதாவைத் தாங்குற சரக்கு கிளியர் கோட்டுக்குள்ளயே கலந்திருக்கு, அது மேல ஒரு மைக்ரான் படலம் பெருசா என்னத்தைத் தடுத்துரப் போகுது.

> முத்திரைப்பூச்சு எப்படி?

முத்திரைன்னா ஸ்டாம்ப் குத்துறது, அப்புறம் பரதநாட்டியம். பெயின்ட் நினைப்பே வரல. தபால் உறைக்கு அரக்கு வச்சு முத்திரை குத்துற அந்த சீலைப் பிடிச்சிட்டு வந்த சொல் இது, வண்டிக்கு 'சீல் வச்சாச்சு'ன்னா ஆர்டிஓ பிடிச்சிட்டான்னுதான் எனக்குத் தோணும்.

> தாமரைப்பூச்சு. தாமரை இலைத் தண்ணீர் என்ற வழக்கு நம்மிடமே இருக்கிறதே!

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதனாலயே இதை வெட்டுறதுக்கு மனசு வரல, ஆனா வெட்டத்தான் வேணும். தாமரை இலையில தண்ணி உருண்டு ஓடுறதுக்கு அதோட மேல்தோல்ல கண்ணுக்குத் தெரியாத மேடு மேடா புடைப்பு இருக்கு, அந்த மேட்டு மேல மெழுகுத் துணுக்கு இருக்கு, துளி அந்த நுனியில மட்டும் உக்காந்து அடியில காத்தோட நிக்குது. துளி இலையைத் தொடுற கோணம் 150 பாகைக்கு மேல, இந்தக் கோணம் கூடக்கூடத் துளி உருண்டையா நிக்கும். கார் பெயின்ட் வழவழப்பு, அதுல எந்தக் கொம்பன் சீலன்ட் போட்டாலும் 110 பாகை வாக்குலதான் நிக்கும், வழவழப்பான பரப்புல 120-ஐத் தாண்டுறதே கஷ்டம். அதான் கார் மேல தண்ணி முத்து முத்தா நிக்கும், ஆனா அங்கயே நிக்கும். வெயில்ல காஞ்சதும் முத்து நின்ன இடத்துல எல்லாம் உப்புக்கறை வட்டம். தாமரைன்னு பேர் வச்சா ஜனங்க வண்டியைத் துடைக்கவே மாட்டாங்க, அது தானா ஓடிரும்னு நினைச்சிருவாங்க.

இன்னொருத்தர் சொன்ன காப்புப்பூச்சு சரிதான், தப்பே இல்ல, ஆனா மெழுகும் காப்புப்பூச்சு, சீலன்ட்டும் காப்புப்பூச்சு, செராமிக் கோட்டிங்கும் காப்புப்பூச்சு. கடையில நாலு டப்பா பக்கத்துல பக்கத்துல இருக்கும்போது எதைக் கையில எடுக்கணும்னு அது சொல்லலையே.

ஆனா அந்தக் 'காப்பு' இருக்கு பாருங்க, அதை மட்டும் பிடிச்சுக்கங்க. சந்தனக்காப்பு, எண்ணெய்க்காப்பு, வெண்ணெய்க்காப்புன்னு சொல்றோம்ல, அங்க காப்புன்னா வெறும் பாதுகாப்பு மட்டும் இல்ல, மேனி மேல பூசுற படலமே காப்புதான். முன்னாடி ஒரு சொல்லைச் சேத்தா என்ன காப்புன்னு தெரிஞ்சிரும். பூச்சுங்கற சொல்லே தேவையில்ல. ஆக மெழுகுன்னா மெழுகுக்காப்பு. பிரேசில் பனை ஓலையிலேர்ந்து எடுக்கற கார்னௌபா அதுதான், உருகுற சூடு எண்பத்துச் சொச்சம் டிகிரி, வெயில்ல நிக்கற கறுப்பு பானெட் அதுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் போயிரும், அதான் சில வாரத்துலயே காணாமப்போகுது. சீலன்ட் மாசக்கணக்குல நிக்கும்.

ஏன் நிக்குது? மெழுகு மேல உக்காந்திருக்கு, சீலன்ட் பற்றிக்கிட்டிருக்கு. அதனால என் முன்மொழிவு: பற்றுக்காப்பு.

பற்றுன்னாலே பிடிச்சுக்கறது மட்டும் இல்ல, தலைவலிக்கு அரைச்சுப் போடுற 'பத்து' இருக்கே, அதுவும் பற்றுதான். தடவுறோம், காயுது, தோலைப் பிடிச்சுக்குது. இதுல இன்னொரு லாபம், பேரே வேலை செய்யும். "இது எதைப் பற்றும்?"னு கேட்டா "கிளியர் கோட்டை"ன்னு பதில், அப்ப நடுவுல வேற எதுவும் இருக்கக் கூடாதுன்னு தானா விளங்கிரும். இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். முதல் தடவை வாங்கினப்ப ஏற்கனவே போட்டிருந்த மெழுகு மேலயே தடவிட்டேன், அதுவும் நிறையப் போட்டா நிறையப் பாதுகாப்புன்னு நினைச்சு அப்பி எடுத்துட்டேன், துடைச்சுத் துடைச்சுத் தோள்பட்டை போச்சு, ஒரே மாசத்துல தண்ணி முத்து கட்டுறதும் நின்னுபோச்சு. அடியில இருந்த மெழுகு கழண்டப்ப மேல இருந்ததையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிருச்சு. மெழுகு சீலன்ட் மேல போகலாம், சீலன்ட் மெழுகு மேல போகக் கூடாது. டப்பாவுல 'பற்றுக்காப்பு'ன்னு எழுதியிருந்தா எனக்கே தோணியிருக்கும்.

ஒரு சொல் நிக்குமான்னு பாக்க, அதை வச்சு ஒரு பத்தி எழுதிப் பாக்கறது என் பழக்கம். செய்முறைக் குறிப்பு ஒண்ணு எழுதிட்டிருக்கேன், அதுலேர்ந்து, கொஞ்சம் பேச்சு நடையில:

"வண்டியைக் கழுவுங்க. காஞ்சதும் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில மாட்டி பெயின்ட் மேல தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருந்தா தூளும் பிசுக்கும் இன்னும் ஒட்டியிருக்குன்னு அர்த்தம், கிளே கட்டியை (பெயின்ட்ல ஒட்டினதை எடுக்கற களிமண் மாதிரியான கட்டி) வழுக்கற தண்ணியோட மெல்லத் தேய்ச்சு அதை எடுங்க. சுழிக் கீறல் இருந்தா இப்பவே பாலிஷ் போட்டு எடுங்க, பற்றுக்காப்பு கீறலை மறைக்காது. பாலிஷ் எண்ணெய் போக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணியில கலந்து துடைங்க. நிழல்ல வச்சு, தகடு கைக்குக் குளிர்ச்சியா இருக்கும்போது, ஸ்பாஞ்சுல ரெண்டு மூணு சொட்டு விட்டு ஒவ்வொரு பேனலா மெல்லிசா தடவுங்க. போட்டது தெரியுதா தெரியலையான்னு சந்தேகம் வர்ற அளவு போதும். நீறு பூக்கற வரைக்கும் விடுங்க, விரலால ஒரு இழு இழுத்துப் பாத்தா இழுத்த இடம் பளிச்சுன்னு இருக்கணும், எண்ணெயா இழுபட்டா இன்னும் காயல. பிறகு மைக்ரோஃபைபர் துணியால துடைச்செடுங்க. 12-லேர்ந்து 24 மணி நேரம் தண்ணி படாம வைங்க. ரெண்டாவது பூச்சும் அதுக்கப்புறம்தான், ஈரம் காயறதுக்குள்ள போட்டா அதுல உள்ள கரைப்பான் முதல் பூச்சையே கரைச்சிரும்."

நடுவுல 'நீறு பூக்கற' வந்துச்சு கவனிச்சீங்களா? இங்கிலீஷ்ல ஹேஸ்னு சொல்றது. மங்கல், புகைமூட்டம்னு முன்னாடி இங்க பேசினோம், எதுவும் ஒட்டல. நீறு பூத்த நெருப்புன்னு நம்ம வாயிலயே இருக்கறதை விட்டுட்டு அகராதியில தேடிட்டிருந்திருக்கோம்.

வினைச்சொல்லு பத்தியும் ஒரு வரி. அப்பாதீங்க, பூசாதீங்க, தடவுங்க. மெழுகவும் வேண்டாம், 'பூசி மெழுகுறது'ன்னா குறையை மறைக்கறது, எண்ணெய் கலந்த மெழுகு உண்மையிலயே அதைத்தான் பண்ணுது, கீறல்ல புகுந்து கொஞ்ச நாளைக்கு மறைக்கும்.

'கார்ப்பூச்சு'ன்னு எழுதினவருக்கு மட்டும் ஒண்ணு: கார்னா கறுப்பு. வெள்ளை வண்டிக்காரங்க பயந்துருவாங்க :)

—

> பற்று என்றால் கணக்குப் புத்தகத்தில் பற்று வரவு ஞாபகம் வருதே அண்ணா. அதை விடுங்க, செராமிக் கோட்டிங் இதைவிடக் கெட்டியாப் பற்றுதே? பிபிஎஃப் பிலிமும் ஒட்டிக்கொண்டுதானே இருக்கு? அப்போ எல்லாமே பற்றுக்காப்புதானா? பேசாமல் பலபடிக்காப்பு என்று போடலாமே.

தம்பி, பிபிஎஃப் (பெயின்ட் ப்ரொடெக்‌ஷன் பிலிம்) சுலபம். அது பசை வச்சு ஒட்டுற 150, 200 மைக்ரான் பாலியூரித்தேன் தோல், ஓரத்தைப் பிடிச்சு உரிச்செடுக்கலாம். ஒட்டுறது வேற, பற்றுறது வேற. அதைத் தோல்காப்புன்னு சொல்லிப் பாருங்க, கல் தெறிப்பைத் தாங்குறது அது ஒண்ணுதான்.

செராமிக் கேள்விக்கு என்கிட்ட முழுப் பதில் இல்ல, நீங்க சொல்றது நியாயம். அது காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சு இறுகி சிலிக்கா (கண்ணாடியோட முக்கியச் சரக்கு) வலையா மாறுது, வருஷக்கணக்குல நிக்குது, கழட்டணும்னா பாலிஷ் போட்டுத் தேய்ச்சுத்தான் எடுக்கணும். சிலிக்காவா முடியறதால கண்ணாடிக்காப்புன்னு தனியா வச்சுக்கலாம். அப்ப மெழுகு, கண்ணாடி ரெண்டும் பொருளால பேர், சீலன்ட் மட்டும் குணத்தால பேர், வரிசை கோணலாத்தான் இருக்கும். இருக்கட்டும். இப்ப வர்ற ஸ்ப்ரே சீலன்ட் பாதியில சிலிக்காவைக் கலந்து விக்கறான், இங்கிலீஷ்லயே வேலி சாஞ்சு கிடக்கு, நாம எங்க நேரா நட்டு வைக்கறது.

பலபடிக்காப்பு வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம், ஒரு பாடநூல்ல பலபடி, இன்னொண்ணுல பல்லுறுப்பி, ஈழத்துல பல்பகுதியம். அந்தச் சண்டையே முடியல, அது தலையில இன்னொரு சொல்லை ஏத்தவா? பிசின்காப்புன்னு நானே முதல்ல யோசிச்சேன், வீட்டுல சொன்னதும் "பிசினைத் தடவினா தூசி ஒட்டாதா?"ன்னு ஒரே கேள்வி, அதோட முடிஞ்சுது.

பற்று வரவு பிரச்சினை இல்ல, காப்புன்னா போலீஸ் மாட்டுறதும்தான். இடம் பாத்துப் புரிஞ்சுக்குவாங்க.

—

> ஒரு சந்தேகம். வண்டிக்குப் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கேன். உடனே போடலாமா? குறிப்புல இதையும் சேர்த்துருங்க.

சேத்துடுறேன். ஃபேக்டரி பெயின்ட்னா முதல் நாளே போடலாம், அங்க 140 டிகிரி வாக்குல சுட்டு எடுத்துடுறாங்க. ஒர்க்‌ஷாப்ல அடிச்சதுன்னா அதிகம் போனா 60 டிகிரி, பல இடத்துல அதுவும் இல்ல, உள்ள இருக்கற கரைப்பான் வாரக்கணக்குல வெளிய வந்துட்டிருக்கும். ஒரு மாசமாவது பொறுங்க, பெயின்ட் கம்பெனி அதுக்கு மேல சொன்னா அதைக் கேளுங்க. இன்னொண்ணு, மறுபடி பெயின்ட் அடிக்கப் போறீங்கன்னா பெயின்டர்கிட்ட சீலன்ட் போட்டதை முன்கூட்டியே சொல்லிடுங்க, சிலிக்கோன் மிச்சம் இருந்தா புதுப் பெயின்ட் அங்கங்க விலகிக் குழி குழியா நிக்கும், மீன்கண்ணுன்னு சொல்றது அதைத்தான். அப்புறம் பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டுக்கு அதுக்குன்னே விக்கறதைத்தான் போடணும், கறுப்பு பிளாஸ்டிக் பட்டையில பட்டா வெள்ளையாப் பிடிச்சுக்கும், டேப் ஒட்டி மறைச்சுட்டு ஆரம்பிங்க.

குறிப்புல பற்றுக்காப்புன்னு போட்டு முதல் தடவை மட்டும் பக்கத்துல சீலன்ட்னு எழுதுறேன். எனக்கு இப்ப மாட்டிக்கிட்டது கியூரிங், அதாவது தடவின படலம் முழுசா இறுகிப் பிடிக்கறது. கான்கிரீட்டுக்கு நீராற்றுதல்னு வச்சிருக்கோம், இங்க தண்ணியே படக் கூடாது, அதை எடுத்து இங்க வைக்க முடியாது. இறுகல்னு போட்டா உடனே கல்லாயிரும்னு நினைக்கிறாங்க. பற்ற விடுறதுன்னா அடுப்பு ஞாபகம் வருது. யாருக்காவது வேற ஏதாவது தோணுதா?