‘ஆமா சார், குடிச்சேன்’னு சொன்ன பிறகு கேஸ் நடத்தலாமா?

நாகூர் பக்கத்திலிருந்து: காரைக்கால்ல ரெண்டு பீர் குடிச்சிட்டு வாஞ்சூர் தாண்டி வரும்போது மச்சானை மடக்கிட்டாங்க. “குடிச்சிருக்கியா?”ன்னு எஸ்.ஐ. கேட்டதும் “ஆமா சார், ரெண்டு பீர்”னு சொல்லிட்டார். ஊதுற மெஷின்ல 61 காட்டுச்சு. வண்டி ஸ்டேஷன்ல நிக்குது. நீயே ஒத்துக்கிட்டே, இனி என்னத்த கேஸ் நடத்தறதுங்கறாங்க எல்லாரும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குடமுருட்டி: முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். குடித்தது குற்றமில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹாலை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியதுதான் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி குற்றம். “ரெண்டு பீர்” என்பதில் அந்த 30 எங்கேயும் இல்லை. அதோடு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 25-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23-ஆம் பிரிவு.

ஆனால் அந்த வார்த்தை வீணாகவும் போகாது. ஊதச் சொல்வதற்கு, குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 203-ஆம் பிரிவு. உங்கள் மச்சான் அந்தக் காரணத்தைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டார். சொல்லாமல் இருந்திருந்தாலும் வாசனை சொல்லியிருக்கும். அவரை மாட்டவைப்பது அந்த 61-தான், வாய் இல்லை.

அரசலாறு: குடமுருட்டி அண்ணன் விட்டதைச் சேர்த்துக்கறேன். டாக்டர் போலீஸ் இல்லை. கைது பண்ணி ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போனா, டியூட்டி டாக்டர் “என்ன குடிச்ச, எப்ப குடிச்ச?”னு கேட்டுப் பதிவேட்டுல எழுதுவார். போலீஸ் காவல்ல இருந்து சொன்னதுன்னா அதை எதிர்க்க வாதம் உண்டு. தானா ஆஸ்பத்திரிக்குப் போன ஆக்சிடென்ட் கேஸ்ல அந்த வாதம் கிடையாது. ஏ.ஆர். காப்பியில (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல்) “ஆல்கஹால் வாசனை, குடித்ததாகச் சொல்கிறார்”னு ஒரு வரி இருந்தா, பின்னாடி இன்சூரன்ஸ் கம்பெனி அதைத்தான் முதல்ல தேடும். ஊதுற டெஸ்டோ ரத்த டெஸ்டோ இல்லாமலேயே, மத்த சாட்சியத்தை வச்சு இன்சூரன்ஸ் தரப்பு குடியை நிரூபிக்கலாம்னு 2021-ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. கிரிமினல் கோர்ட்டுக்கு அளவு வேற, இன்சூரன்ஸுக்கு அளவு வேற.

வெண்ணாறு: மெஷின் சீட்டைப் பத்தி யாரும் பேசலையே. கேஸே அதுலதான் இருக்கு.

சீட்டுல பாக்க வேண்டியது: மெஷினோட சீரியல் நம்பர், தேதி, நேரம், டெஸ்ட் நம்பர், ஊதறதுக்கு முன்னாடி வெறும் காத்துல எடுத்த ரீடிங் 000-ன்னு இருக்கா, அப்புறம் ஊதின ரீடிங். பேரும் வண்டி நம்பரும் கையால எழுதியிருந்தா சரியா எழுதியிருக்கான்னு பாருங்க. நேரத்தை சம்மன்ல போட்ட சம்பவ நேரத்தோட ஒப்பிடுங்க. மெஷின் கடிகாரம் முக்கால் மணி தள்ளி ஓடுறதெல்லாம் சகஜம். குறுக்கு விசாரணைல நிக்கறது அந்த மாதிரி சின்ன ஓட்டைதான்.

அது தெர்மல் பேப்பர். சட்டைப் பையில வச்சா வேர்வைலயும் சூட்டுலயும் ரெண்டே நாள்ல மங்கிடும், வெயில்ல வண்டி டேங்க் கவர்ல வச்சா மொத்தமா கறுத்துடும். கையில வந்த உடனே போட்டோ எடுங்க, மறுநாள் ஜெராக்ஸ் போடுங்க. சீட்டே தரலைன்னா கோர்ட்ல கேஸ் கட்டு நகல் கேட்டு மனு போட்டு வாங்கணும். கூடவே அந்த சீரியல் நம்பருக்கு கடைசியா காலிபரேஷன் (மெஷின் சரியா அளக்குதான்னு சரிபார்க்கறது) எப்ப பண்ணாங்கன்ற சர்டிபிகேட்டையும் கேளுங்க. மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த வகை மெஷினா இருக்கணும்னு 203-லயே இருக்கு. மெஷின்ல சேமிச்ச பதிவை கம்ப்யூட்டர்ல இருந்து பிரின்ட் எடுத்துக் காட்டினா, மின்னணுச் சான்றுக்கான சர்டிபிகேட்டும் கூட வரணும்.

கொள்ளிடக்கரை: ரீடிங் உண்மைதானா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வழக்கறிஞரிடம் போனால் நேரம் மிச்சம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். கிட்டத்தட்ட 61 கிராம் ஆல்கஹால். 70 கிலோ ஆளுக்கு அது 125–130 மில்லிகிராம் வரை ஏற்றும். உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். ஆக, 30-க்குக் கீழே வர ஆறரை மணி நேரம். ராத்திரி பத்து மணிக்குக் கடை மூடும்போது வாங்கிக் குடித்தவர் விடியற்காலை நாலு மணிக்கு மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், தெளிவாக இருப்பதாக நினைத்துக்கொண்டே மாட்டுவார். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்றுக்கே 85 பக்கம் வரும். மச்சானின் ரெண்டு பீர் சாதா பீர் என்றால், 61 என்பது குடித்துச் சில மணி நேரம் ஆன கணக்கோடு பொருந்துகிறது. மெஷின் பொய் சொன்னது என்று வாதாட இடம் குறைவு.

வெற்றிலை பாக்கு, ஏலக்காய், டிகிரி காபி எதுவும் ரீடிங்கைக் குறைக்காது. மெஷினுக்குப் போவது நுரையீரல் காற்று. கும்பகோணம் கொழுந்து வெற்றிலை வாசனையைத்தான் மாற்றும். ஆனால் எதிர்ப்பக்கம் ஒன்று உண்மை: வாயில் இருக்கும் ஆல்கஹால் ரீடிங்கை ஏற்றிவிடும். மவுத்வாஷ், அரிஷ்டம், சில ஹோமியோ சொட்டு மருந்து, அப்போதுதான் வந்த ஏப்பம். கால் மணி நேரம் காத்திருந்து மறுபடி ஊதினால் அது போய்விடும். அதனால் “15 நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை ஊதறேன் சார், புது குழாய் போடுங்க” என்று அந்த இடத்திலேயே கேட்பதுதான் முறை. 34, 38 மாதிரி விளிம்பு ரீடிங்கில் அது உயிர். 140-ல் அது வெட்டி.

குடமுருட்டி: ஊதமாட்டேன் என்று முரண்டு பிடிப்பது மட்டும் வேண்டாம். அதற்கே கைது செய்யலாம். மறுத்ததை அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலு சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்று 205-ஆம் பிரிவு சொல்கிறது.

அரசலாறு: கைதுன்னா இன்னொரு கணக்கு இருக்கு. ரெண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர் பரிசோதனைக்கு உட்படுத்தணும், இல்லைன்னா காவல்ல வைக்கக் கூடாது, விட்டுடணும். இது 202. கோடியக்கரை பக்கம் பிடிச்சு, வேதாரண்யம் ஜி.எச்.ல சேர்க்க நேரமாச்சுன்னா இது பேசும். ஆனா இதை வச்சு கேஸே செத்துப்போச்சுன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. சட்டம் சொல்றது விடுதலை பண்ணுன்னுதான்.

ரத்தம் எடுத்திருந்தா கவனிக்க வேண்டியது: ஊசி போடற இடத்தை ஸ்பிரிட் பஞ்சால துடைச்சாங்களா? அது தப்பு, ஆல்கஹால் இல்லாத திரவம்தான் போடணும். சோடியம் புளூரைடு போட்ட குழாயா? அதுல எடுக்காம, ஐஸும் இல்லாம ரெண்டு நாள் கிடந்தா சாம்பிள் நொதிச்சு, குடிக்காதவனுக்கும் ரீடிங் வரலாம். சீல் போட்ட தேதி, தஞ்சாவூர் தடய அறிவியல் ஆய்வகத்துல வாங்கின தேதி, ரெண்டுக்கும் நடுவுல அது எங்க இருந்துச்சு, இந்த மூணையும் ரிப்போர்ட்ல தேடுங்க.

மெஷினும் இல்லை, ரத்தமும் இல்லை, “தள்ளாடினார், கண் சிவந்திருந்தது, வாசனை வந்தது”ன்னு சர்டிபிகேட் மட்டும்னா அதை வச்சு 30-ஐ நிரூபிக்கவே முடியாது. 1971 பச்சுபாய் வழக்குலயே உச்ச நீதிமன்றம் ரத்தப் பரிசோதனை இல்லாததைப் பெரிய குறையா எடுத்துக்கிச்சு.

நாகூர் பக்கத்திலிருந்து: அங்கேயே பத்தாயிரம் கட்டிட்டா முடிஞ்சிடும்னு ஒருத்தர் சொல்றார்?

வெண்ணாறு: ரோட்டுல கட்டி முடிக்கற குற்றங்களோட பட்டியல் 200-ஆம் பிரிவுல இருக்கு. ஹெல்மெட், சிக்னல் மாதிரி. 185 அதுல இல்லை. கோர்ட்டுதான். கையில காசு கேட்டா ரசீது கேளுங்க, அங்கேயே விஷயம் புரிஞ்சிடும்.

குடமுருட்டி: கோர்ட்டில் நடப்பது இது. நாகப்பட்டினம் ஜே.எம். கோர்ட்டில் வாய்தா அன்று பேரைக் கூப்பிடுவார்கள். நீதித்துறை நடுவர் குற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லி “ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று கேட்பார். இங்கே சொல்லும் “ஆமா”தான் உண்மையான ஒப்புதல். ரோட்டில் சொன்னதோடு இதைக் குழப்பிக்கொண்டு, “ஏற்கெனவே ஒத்துக்கிட்டாச்சே” என்று தலையாட்டுகிறவர்கள்தான் அதிகம். இங்கே ஒப்புக்கொண்டால் அன்றைக்கே முடிந்துவிடும். பிறகு தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் தவிர வேறெதையும் மேல்முறையீட்டில் கேட்க முடியாது.

முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அது “10,000 வரை” இல்லை, 10,000-தான். குறைத்துப் போடச் சொல்லிக் கெஞ்சுவதில் பயனில்லை என்பது அதனால்தான். அடுத்த தடவை 2 வருடம் வரை அல்லது 15,000 அல்லது இரண்டும். இன்று ஒப்புக்கொள்வது அடுத்த தடவைக்கான முதல் எண்ணாக நிற்கும். லாரி, வேன் ஓட்டிப் பிழைப்பவர் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

மறுத்தால் எஸ்.ஐ., கூட இருந்த ஏட்டு, தேவைப்பட்டால் டாக்டர், எல்லோரும் சாட்சிக்கு வர வேண்டும். வாய்தா மேல் வாய்தா. என் கருத்து: சீட்டு சுத்தமாக, ரீடிங் 61 ஆக, நேரம் சரியாக இருந்தால் நடத்துவதில் லாபம் குறைவு. சீட்டே இல்லை, ரீடிங் 30-ஐ ஒட்டி இருக்கிறது, வண்டியை ஓட்டவே இல்லை, நிறுத்தி வைத்த வண்டியில் உட்கார்ந்திருந்தார் என்றால் நடத்தலாம். (சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்திருந்தால் “ஓட்ட முயன்றார்” என்பதற்குள் வந்துவிடும்.) வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு 15100-ல் பேசலாம்.

கொள்ளிடக்கரை: இன்னொன்று, இந்தப் பக்கம் ரொம்ப முக்கியம். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை ஆட்கள் பாதிப்பேர் வெளிநாட்டில். கேஸ் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது போலீஸ் விசாரணையில் இடிக்கும், கோர்ட்டில் அனுமதி வாங்கித்தான் புத்தகம் எடுக்க முடியும். லீவில் வந்தவர் இரண்டு மாதத்தில் திரும்ப வேண்டும் என்றால், வெல்லக்கூடிய கேஸைக் கூட ஒப்புக்கொண்டு கட்டிவிட்டுப் போகிறார். தப்பென்று சொல்ல முடியவில்லை.

வெண்ணாறு: வண்டியை எடுக்க: ஆர்.சி., இன்சூரன்ஸ், ஓனர் ஆதார், குடிக்காத ஒரு ஆள். ஸ்டேஷன்ல தரலைன்னா கோர்ட்ல வண்டி திரும்பக் கேட்டு மனு போடணும். காரைக்கால் பாட்டில் சீட்டுக்கடியில இருந்துச்சுன்னா அது மதுவிலக்குச் சட்டத்துல தனி கேஸ், வண்டியையே பறிமுதல் பண்ற அளவுக்குப் போகும். அதை இதோட சேர்த்துப் பேசாதீங்க, வேற வக்கீல் ஃபீஸ்.

லைசென்ஸை எஸ்.ஐ. வாங்கிக்கிட்டா ரசீது வாங்குங்க. அது ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகும். குறைஞ்சது மூணு மாசம் சஸ்பெண்ட் பண்ணணும்னு 2015-லயே உச்ச நீதிமன்றக் குழு சொல்லியிருக்கு. ஆனா பண்றதுக்கு முன்னாடி நோட்டீஸ் கொடுத்து உங்க பதிலைக் கேட்கணும். ஆர்டர் வந்தா 30 நாளுக்குள்ள அப்பீல். அபராதம் கட்டின அன்னிக்கே லைசென்ஸும் திரும்பி வந்துடும்னு நினைச்சு மறுநாள் வண்டியை எடுக்கறாங்க பாருங்க, சஸ்பெண்ட் காலத்துல ஓட்டினா அதுக்குத் தனி கேஸ். நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போயிருக்கும். மச்சான் லைசென்ஸ்ல எந்த வீட்டு முகவரி இருக்குன்னு முதல்ல பாருங்க.