பத்தாண்டு பழைய மடிக்கணினி: விண்டோஸ் 10-க்குப் பிறகு எதை நிறுவுவது?

மேலூர்த் தமிழாசிரியை:

அனைவருக்கும் வணக்கம். 2016-இல் வாங்கிய மடிக்கணினியை இன்றும் பயன்படுத்தி வருகிறேன். ஐந்தாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இந்தப் பதிப்புக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டதாகத் திரையில் அறிவிப்பு வருகிறது. விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால் இந்தச் செயலிக்கு இடமில்லை என்கிறது. பழுது பார்க்கும் கடையில் புதிதாக வாங்கச் சொல்லிவிட்டார்கள். என் மாணவர் ஒருவரோ, அந்தச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருவதாகச் சொல்கிறார்.

எனக்கு வேண்டியவை இணையமும் வினாத்தாள் தட்டச்சும் மட்டுமே. ஆனால் பல ஆண்டுகளாகச் சேர்த்த வினாத்தாள்களும் இலக்கணக் குறிப்புகளும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட இழக்க எனக்கு மனமில்லை. இயக்கினால் முகப்பு வருவதற்கே ஆறேழு நிமிடம் ஆகிறது. என்ன செய்யலாம்?

பட்டறைக்காரன்:

அம்மா, இயங்குதளத்தைத் தொடும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறும் நேரத்தில் அங்கே 'டிஸ்க்' என்ற பகுதி 100 விழுக்காட்டில் நின்றுகொண்டு, செயலியின் வேலையைக் காட்டும் 'சிபியு' இருபதைக்கூட எட்டாமல் இருந்தால், செயலிக்கு வயதாகிவிடவில்லை. சுழலும் தட்டிலிருந்து தரவு வந்து சேருவதற்காக அது சும்மா காத்திருக்கிறது என்று பொருள். என் மேசைக்கு வரும் இந்தக் காலத்து மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் நான் காண்பது இதுதான். அந்த நிலையில் எந்த இயங்குதளத்தை ஏற்றினாலும் மெதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே முதலில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகத்தை, வாங்குங்கள். உங்கள் பயன்பாட்டுக்கு 240 அல்லது 256 ஜிபி தாராளம். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில் அது பொருந்தும். ரேமுக்கு இன்னொரு சிலாட் காலியாக இருந்தால் மேலும் 4 ஜிபி போடலாம். வாங்கும்போது டிடிஆர்3எல் என்ற ரேம் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

இதில் இன்னொரு பெரிய நன்மையும் உண்டு, இதை நான் எல்லோரிடமும் வலியுறுத்துவேன். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காதீர்கள். யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு அப்படியே வைத்துவிட்டால், புதிய நிறுவலில் எது தவறினாலும் உங்கள் கோப்புகள் நேற்றிருந்தபடியே அதில் இருக்கும். ஆயினும் பழைய தட்டு எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம். வினாத்தாள்களை மட்டுமாவது இன்றே ஒரு பென் டிரைவிலும் படியெடுத்துவிடுங்கள்.

திறமூலன்:

பட்டறைக்காரர் சொன்னதை வழிமொழிகிறேன். இனி இயங்குதளம் பற்றிச் சொல்கிறேன்.

விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலானவற்றையே ஏற்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். சோதனையைத் தாண்டி நிறுவ முடியும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி நிறுவிய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே கூறுகிறது. பாதுகாப்புப் புதுப்பிப்புக்காகத்தான் மாறுகிறோம் என்னும்போது, அதற்கே உறுதியில்லாத வழியில் உங்களைப் போன்ற ஒருவர் செல்வதை நான் விரும்பமாட்டேன்.

உடனே மாற இயலாவிட்டால், விண்டோஸ் 10-க்கான நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரை அதிலேயே தொடரலாம். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-வும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் தேவை. கணினி அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை.

நிலையான தீர்வு வேண்டுமென்றால், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-இன், பழைய கணினிக்கும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பரிந்துரைக்கிறேன். 2029 வரை அதற்குப் புதுப்பிப்பு உண்டு. வேறொரு பென் டிரைவில் எழுதி, கணினியில் எதையும் நிறுவாமலேயே அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். அப்போதே வைஃபை, ஒலி, திரை வெளிச்ச விசைகள், குறிப்பாக உங்கள் பிரிண்டர் ஆகியவை வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்தை ஆயத்தம் செய்யும் வேலையைக் கணினியிடமே விட்டுவிடும் மலிவு விலை லேசர் பிரிண்டர்கள் சில, லினக்ஸில் மிகுந்த தொல்லை தருபவை. கணக்கு எழுதும் மென்பொருளான டேலி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவற்றை நம்பி வேலை செய்வோர்க்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது.

எழுத்துருப் பித்தன்:

பாமினி பற்றி அஞ்ச வேண்டாம். பாமினிக் கோப்பில் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளே. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது. அதனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் காட்சியளிக்கும். கோப்பு கெட்டுவிட்டதென்று அழித்தவர்களை நான் அறிவேன். தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். விண்டோஸில் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பைப் படியெடுத்து மின்டில் நிறுவினால், அதிலுள்ள தட்டச்சு மென்பொருளான லிபரெ ஆஃபீஸில் பழைய வினாத்தாள் தமிழாகவே திறக்கும்.

நீண்ட காலத்துக்கு, தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு தரும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுவதே நல்லது. என்எச்எம் கன்வர்டர் போன்ற மாற்றிகள் உள்ளன. ஒரே கோப்பில் ஆங்கிலச் சொற்களும் இருந்தால் மாற்றி அவற்றையும் பாமினி என்று எண்ணி உருத்தெரியாத தமிழாக்கிவிடும் என்பதால், மூலக்கோப்பை வைத்துக்கொண்டு படியில் மட்டும் மாற்றுங்கள். புதிய தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை மின்டிலும் கிடைக்கிறது.

மேலூர்த் தமிழாசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். டிஸ்க் 100, சிபியு 14. நம்பவே முடியவில்லை. பென் டிரைவில் கோப்புகளைப் படியெடுத்தாயிற்று, எழுத்துருவையும் சேர்த்து. சனிக்கிழமை மாணவர் வரும்போது எஸ்எஸ்டியை மாற்றி, மின்டை முதலில் வேறொரு பென் டிரைவிலிருந்தே இயக்கி, பள்ளியின் பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்த பிறகு நிறுவச் சொல்லப்போகிறேன்.