இழை: 'வெத்தோன்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ச.வி. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

இளங்கலை முதலாண்டு மாணவர்களுக்கான மானிடவியல் பாடம் ஒன்றைத் தமிழாக்கம் செய்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஜாவா மக்கள் பிறந்த நாளை வைத்து ஒருவருடைய குணத்தைச் சொல்லும் வழக்கம் பற்றிய பகுதியில் நின்றுவிட்டேன்.

ஜாவாவில் இரண்டு வாரங்கள் சேர்ந்து ஓடுகின்றன. ஒன்று நம்முடையதைப் போன்ற ஏழு நாள் வாரம். இன்னொன்று ஐந்து நாள் வாரம்: லெகி, பாகிங், போன், வாகே, கிளிவோன். இதற்குப் 'பசாரான்' என்று பெயர். ஒருவர் பிறந்த அன்று இரண்டிலும் என்ன நாளோ, அந்தச் சேர்க்கைதான் அவருடைய 'வெத்தோன்'. 1945 ஆகஸ்ட் 17, இந்தோனேசியா விடுதலையை அறிவித்த நாள், வெள்ளி லெகி. 35 நாளுக்கு ஒருமுறை அதே சேர்க்கை திரும்பி வரும்.

ஒவ்வொரு நாளுக்கும் 'நெப்து' என்று ஒரு எண் உண்டு. ஞாயிறு 5, திங்கள் 4, செவ்வாய் 3, புதன் 7, வியாழன் 8, வெள்ளி 6, சனி 9. அப்புறம் லெகி 5, பாகிங் 9, போன் 7, வாகே 4, கிளிவோன் 8. இரண்டையும் கூட்டினால் வருவதை வைத்துக் குணம், திருமணப் பொருத்தம், வீடு கட்ட நல்ல நாள் எல்லாம் பார்க்கிறார்கள். பலன் எழுதிய கையேடு 'பிரிம்போன்'. கணக்குப் பார்ப்பது 'பெதுங்கான்'.

முதல் வரைவில் 'பிறந்தநாள் சோதிடம்' என்று எழுதினேன். ஆனால் இதில் ராசி இல்லை, லக்னம் இல்லை. சோதிடம் என்றதும் மாணவர்கள் கட்டம் போடத் தொடங்கிவிடுவார்கள். சொல் தாருங்கள்.

பெ.மா. எழுதியது:

வணக்கம். நல்ல கேள்வி. முதலில் அது 'ஜாவா' இல்லை, சாவகம். மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறப்பு எடுத்தது சாவக நாட்டில். ஆயிரம் ஆண்டுக்கு மேல் நம்மிடம் இருக்கும் பெயரை விட்டுவிட்டு ஏன் கிரந்த எழுத்தைத் தேட வேண்டும்?

வெத்தோனுக்கு என் பரிந்துரை 'பிறவிக்கிழமை'. பசாரானுக்கு 'அங்காடிக்கிழமை'. காரணம் சொல்கிறேன். கிழமை என்றால் நாள் என்று இன்று நினைக்கிறோம். அது உரிமை. கிழவன், கிழத்தி, கிழார் எல்லாம் அந்த வேர். ஆறாம் வேற்றுமைக்குத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இலக்கணம் படித்திருப்பீர்கள். 'யாதும் கிழமையைக் கீழ்ந்திடா நட்பு' என்று வள்ளுவர் சொல்வதும் இந்த உரிமையைத்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கு உரிய நாள். ஆகவே அங்காடிக்கு உரிய நாள் அங்காடிக்கிழமை. மதுரைக்காஞ்சியில் நாளங்காடி, அல்லங்காடி இரண்டும் இருக்கும்போது 'சந்தை' எதற்கு?

குணம் வேண்டாம், இயல்பு என்று எழுதுங்கள். பெதுங்கான் நாட்கணியம். கணியன் என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறதே.

இ.கோ. எழுதியது:

வணக்கம். நான் ஜொகூரில் பத்து பகாட் பக்கம். இங்கே ஜாவா வம்சாவளியினர் நிறைய. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்து 35ஆம் நாள் 'செலாப்பானான்' வைத்தார்கள். முடி கொஞ்சம் கத்தரித்து, நகம் வெட்டி, பிறகு தெருப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துச் சோறு கொடுத்தார்கள். வேகவைத்த கீரை, பயற்றங்காய் எல்லாம் தேங்காய்ப்பூவோடு பிசறி, மேலே அவித்த முட்டையை வெட்டி வைத்திருந்தார்கள். என் பிள்ளைகளும் போய்ச் சாப்பிட்டார்கள். அந்த வீட்டுப் பாட்டி குழந்தையின் வெத்தோனைச் சொல்லிவிட்டு, "பிடிவாதக்காரன், ஆனால் கை நீளும், கொடுப்பான்" என்றார். கேட்டவர்கள் யாரும் எதிர்காலம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சாகத்தான் அது போனது.

என் கருத்து: வெத்தோன் என்றே எழுதுங்கள். அதுவும் 'வெத்தோன்'தான். 'வெட்டோன்' என்று எழுதினால் வெட்ட மாட்டான் என்று பொருள் வந்துவிடும். 'வெதோன்' என்றால் ஒலி மெலிந்துவிடும். ஜாவா மொழியில் 'மெத்து' என்றால் வெளியே வருவது. வெத்தோன் அதிலிருந்து வந்ததுதான்.

பசாரானில் இருப்பது 'பசார்'. மலேசியத் தமிழர் நாங்கள் தினமும் 'பாசார்' போகிறோம். பாரசீகத்திலிருந்து வந்த சொல். தமிழ்நாட்டில் நீங்கள் பஜார் என்பதும் அதுதான். ஐந்து நாளுக்கு ஒருமுறை ஊர் மாற்றி ஊர் சந்தை கூடிய காலத்துப் பெயர். சோலோ நகரில் பசார் கிளிவோன், பசார் லெகி என்ற பெயர்கள் இன்றும் உள்ளன. சந்தைநாள் என்றால் எல்லாருக்கும் புரியும். அங்காடி என்றால் இப்போது கூட்டுறவு அங்காடிதான் நினைவுக்கு வரும்.

தா.ரா. எழுதியது:

பெ.மா. ஐயா, 'பிறவிக்கிழமை'யில் எனக்கு ஒரு தடை. பிறவி என்றதும் பிறவிப் பெருங்கடல் வந்துவிடும், முன்வினை வந்துவிடும். வெத்தோனில் முற்பிறவிக்கு வேலை இல்லை.

அதைவிட முக்கியம், இரண்டு வாரங்களின் சேர்க்கை என்பது பெயரில் தெரிய வேண்டும். 5க்கும் 7க்கும் பொதுக் காரணி இல்லை, அதனால்தான் 35. அங்கேதான் இந்த முறையின் அழகே. ஆகவே 'இணைநாள்'. நெப்துவுக்கு 'நாளெண்'.

இன்னொன்று. 35 சேர்க்கைகள் இருந்தாலும் கூட்டுத்தொகை 7 முதல் 18 வரைதான். செவ்வாய் வாகே 7, சனி பாகிங் 18. ஆக மொத்தம் 12 எண்கள். 15 என்பது மூன்று சேர்க்கைகளுக்கு வரும்: வெள்ளி பாகிங், புதன் கிளிவோன், வியாழன் போன். இந்தோனேசியாவின் முதல் அதிபர் சுகர்ணோ பிறந்தது 1901 ஜூன் 6, வியாழன் போன். அவருக்கு அடுத்த அதிபர் சுகார்த்தோ பிறந்தது 1921 ஜூன் 8, புதன் கிளிவோன். இருவருக்கும் 15! மேடையில் மணிக்கணக்கில் பேசி மக்களைக் கட்டிப்போட்டவர் ஒருவர், அதிகம் பேசாமல் 32 ஆண்டுகள் பிடியை விடாதவர் இன்னொருவர். ஆகவே வெத்தோனும் நாளெண்ணும் ஒன்றல்ல. பாடத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் வேண்டும்.

ச.வி., ஜாவாக் கணக்கில் நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. வியாழன் இரவு பிறந்த குழந்தைக்கு வெள்ளிக்கிழமை வெத்தோன். இதைச் சொல்லாவிட்டால் மாணவர்கள் கணக்கு தப்பும்.

பெ.மா. எழுதியது:

நாள் என்பதை அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழந்தமிழில் நாள் என்றால் விண்மீன். நாண்மீன், கோண்மீன். 'நாளும் கோளும்' என்று இன்றும் சொல்கிறோமே. இணைநாள் என்றால் இரண்டு நட்சத்திரம் சேர்ந்தது என்று பொருள்படும். சோதிடம் வேண்டாம் என்று தொடங்கிவிட்டு நேராக வானத்துக்கே போகிறோம்.

பிறந்த நாளைக் கொண்டாடுவதற்குத் தொல்காப்பியம் 'பிறந்த நாள்வயிற் பெருமங்கலம்' என்கிறது. அது அரசன் பிறந்தநாள். யோக்யகர்த்தாவிலும் சோலோவிலும் அரண்மனைகள் இன்றும் உள்ளன. மன்னரின் வெத்தோன் விழாவுக்குப் பெருமங்கலம் என்று எழுதினால் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். கேட்காததைச் சொல்கிறேன், ஆனால் இந்தச் சொல் வீணாகக் கிடக்கிறது.

கிழமையில் கோளின் உரிமை இருக்கிறது என்பதால்தான் அதை விடக் கூடாது என்கிறேன்.

இ.கோ. எழுதியது:

ஐயா, அந்த உரிமைதான் ஜாவாவில் போய்விட்டது. பழைய நாட்பெயர்கள் ரதித்தே, சோமா, அங்காரா, புதா, ரெஸ்பதி, சுக்ரா, தும்பாக். கடைசியைத் தவிர எல்லாம் நமக்குத் தெரிந்த கோள்கள். இப்போது வழங்குவது அரபுப் பெயர்கள்: அஹத், செனின், செலாசா, ரெபோ, கெமிஸ். ஒன்றாம் நாள், இரண்டாம் நாள் என்ற வரிசைதான் அது. பழைய பெயர் சில இடத்தில்தான் மிச்சம். செவ்வாய் கிளிவோனை 'அங்காரா கசிஹ்' என்பார்கள், அந்த மாதிரி.

மாத்தாரம் அரசர் சுல்தான் அகுங் 1633இல் சக ஆண்டுக் கணக்கை இஸ்லாமியச் சந்திர மாதங்களோடு இணைத்தார். சக 1555இல் விட்ட எண்ணை அப்படியே தொடர்ந்தார். அப்போதும் ஐந்து நாள் வாரத்தைக் கைவைக்கவில்லை.

ம.அ. எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்தப் பாடம் நடத்துகிறவள். சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளை ஒருமுறை பார்த்துவிடலாம்.

ச.வி. அனுப்பிய மூலத்தில் 'ஆளுமை' என்று வரும் இடங்களில் ஆளுமை என்றே போடக் கூடாது என்பது என் திடமான கருத்து. ஆளுமை என்பது உளவியல் வகுப்பறைச் சொல். ஜாவாவில் 'வதாக்' என்கிறார்கள், இன்னும் அழகாக 'லாகு' என்கிறார்கள். லாகு என்றால் நடப்பது. தொகை 13 வந்தால் விண்மீனின் நடை, 14 வந்தால் நிலவின் நடை, 15 வந்தால் சூரியனின் நடை. நமக்கும் நடை என்றால் காலால் நடப்பதும் உண்டு, நடந்துகொள்வதும் உண்டு. நிலவின் நடை உள்ளவர் அமைதி தருபவர், ஆறுதல் சொல்பவர். சூரியனின் நடை உள்ளவர் பிறருக்கு வெளிச்சம் காட்டுபவர். மனத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, பக்கத்தில் இருப்பவருக்கு அவர் எப்படிப்படுகிறார் என்பதுதான் பேச்சு. சுகர்ணோவையும் சுகார்த்தோவையும் ஒரே எண்ணில் வைக்க முடிவதும் இதனால்தான்.

இதை முடிவு செய்யப்பட்ட விதி என்று படித்தால் தவறு. மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1950களில் கிழக்கு ஜாவாவில் தங்கி ஆய்வு செய்து 1960இல் வெளியிட்ட நூலில், பெதுங்கானின் அடியில் 'சொசொக்' என்ற கருத்து இருப்பதைக் காட்டுகிறார். நமக்கு அது பொருத்தம். மணமக்களுக்கும் சொல்வார்கள், மருந்துக்கும் சொல்வார்கள். நாம் 'மருந்து ஒத்துக்கொண்டது' என்கிறோமே, அதுதான். பெண்ணும் பிள்ளையும் வாகேயும் பாகிங்குமாக இருந்தால் சேர்க்கத் தயங்கும் குடும்பங்கள் உண்டு. இருவரும் கெட்டவர்கள் என்பதால் இல்லை, ஒத்துவராது என்பதால்.

ஐந்து நாளும் வெறும் பெயர்களும் அல்ல. லெகி கிழக்கு, வெண்மை. பாகிங் தெற்கு, செம்மை. போன் மேற்கு, மஞ்சள். வாகே வடக்கு, கருமை. கிளிவோன் நடு. ஒருவர் எந்தத் திசையில் நிற்கிறார் என்பது வெத்தோனில் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு நம் பஞ்சபட்சி சாத்திரம் நினைவு வந்தது. அங்கேயும் ஐந்து பறவை, அரசு, ஊண், நடை, துயில், சாவு என்று ஐந்து தொழில். தொடர்பு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஐந்தாகப் பகுத்து ஆளைப் பார்ப்பது தமிழ் மாணவருக்கு அந்நியமில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ஆகவே குணம். 'குணம்நாடிக் குற்றமும் நாடி' என்று குறளிலேயே இருக்கும் சொல்லை வடமொழி என்று தள்ள எனக்கு மனம் இல்லை. ஜாவா என்றே இருக்கட்டும். மணிமேகலையின் சாவகம் ஜாவாவா சுமத்திராவா என்பதே முடியாத வழக்கு.

ச.வி. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நாளை அனுப்பியாக வேண்டும், அதனால் எண்ணிப் பார்த்தேன். மூவர் இணைநாளுக்குச் சரி என்கிறார்கள், இ.கோ. முதலில் வெத்தோன் என்று ஒருமுறையாவது வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. பசாரானுக்குச் 'சந்தைக்கிழமை' போடுகிறேன். கிழமை பெ.மா. ஐயா தந்தது, சந்தை இ.கோ. தந்தது. நெப்துவுக்கு நாளெண், பிரிம்போனுக்குப் பலன் ஏடு, பெதுங்கானுக்கு நாட்கணிப்பு. குணம், நடை இரண்டும் இடத்துக்கு ஏற்ப. மன்னர் விழாவுக்குப் பெருமங்கலம் எழுதிவிட்டேன்.

பெ.மா. எழுதியது:

பெருமங்கலத்துக்கு மகிழ்ச்சி. மற்றதில் என் மறுப்பைச் சொற்பட்டியலில் பதிவு செய்யுங்கள். 'இணைநாள்' என்றால் மாணவர் மண நாள் என்று படிப்பார்கள். அதே பத்தியில் திருமணப் பொருத்தமும் வருகிறது, குழப்பம் உறுதி. 'பிறவி' வேண்டாம் என்றால் 'பிறந்தகிழமை' என்றாவது இருக்கலாம். சந்தைக்குக் கிழமை தரலாம், பிறந்தவனுக்குத் தரக் கூடாது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இ.கோ. எழுதியது:

ஐயா சொல்லும் குழப்பம் வரக்கூடியதுதான். ச.வி., திருமணப் பத்தியில் மட்டும் இணைநாளை எடுத்துவிட்டு வெத்தோன் என்றே விட முடியுமா? அப்புறம், பாலியில் 210 நாளுக்கு ஒருமுறை பிறந்தநாள் வரும், 'ஓத்தோனான்'. அடுத்த பாடத்தில் அது இருக்கிறதா? இருந்தால் 30 வாரச் சுழற்சியான வுக்குவுக்கும் இப்போதே சொல் பார்த்துவிடலாம்.