இதயப் பம்பு பொருத்தப்பட்டவர் எவ்வளவு நடக்கலாம்?

கேள்வி: ஒரு மகள், வெள்ளவத்தை

நெடுநாள் இதயச் செயலிழப்பால் துன்பப்பட்ட என் அப்பாவுக்குச் சென்னையில் ஹார்ட்மேட் 3 என்ற பம்பைப் பொருத்தினார்கள்; இடது இதயவறையிலிருந்து குருதியை இடைவிடாமல் உடலுக்குத் தள்ளும் கருவி அது. இப்போது கொழும்பில் எங்களுடன் இருக்கிறார். காயம் ஆறிவிட்டது, மூச்சுத் திணறாமல் உறங்குகிறார். தினமும் நடக்க வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்லி அனுப்பியிருந்தும், பார்க்க வருகிற உறவினர்கள் எல்லோரும் "மெஷினில் ஓடுகிற இருதயம், களைக்க விடாதே" என்று சொல்லிச் சொல்லியே அவரைச் சாய்வு நாற்காலியோடு இருத்திவிட்டார்கள். மணிக்கட்டில் நாடி பிடிபடுவதில்லை என்பதால், அளவு மிஞ்சிப்போனால் அதை எப்படி அறிவது என்று எனக்கும் பயமாக இருக்கிறது. அவர் நடக்கும்போது பம்பு தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளுமா? எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்?

பதில்: இயன்மருத்துவர், தெஹிவளை

பம்பு தானாக வேகம் கூட்டாது. வைத்தியக் குழு குறித்துக் கொடுத்த வேகத்தில்தான், பெரும்பாலும் நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுழற்சிகள் வரை, அது ஓடும். இரண்டு விநாடிக்கு ஒருமுறை வேகத்தைச் சற்று மாற்றிக்கொள்வதும் உள்ளே தேங்கும் குருதியைக் கலைப்பதற்கே, நடைக்காக அல்ல. ஆயினும் நடக்கும்போது குருதியோட்டம் ஓரளவு கூடவே செய்கிறது. கால் தசைகள் இயங்க, இதயத்துக்குத் திரும்பும் குருதி மிகுந்து இடது இதயவறையின் அமுக்கம் உயர்வதால், பம்பு எதிர்த்துத் தள்ள வேண்டிய அமுக்க வித்தியாசம் குறைந்து, அதே வேகத்திலேயே கூடுதல் குருதி வெளியேறுகிறது. மிச்சத்தை அப்பாவின் சொந்த இதயமே கொடுக்க வேண்டும். அதிலும் வலப்பக்க இதயத்துக்குப் பம்பின் துணை கிடையாது. ஆகவேதான் இவர்களில் பலருடைய உச்ச ஒட்சிசன் உள்ளெடுப்பு (முழு முயற்சியின்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் அளவு), அதே வயதுச் சுகதேகிகளுடையதில் ஏறக்குறைய பாதியாகவே நின்றுவிடுகிறது.

உறவினர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். பல வருட நோயில் தேய்ந்துபோன தொடைத் தசையைப் பம்பு திருப்பித் தராது; அதை நடைதான் தரும். சாய்வு நாற்காலி அந்தத் தேய்வை இன்னும் வளர்க்கிறது.

அளவுக்கு நாடியை நம்ப வேண்டாம். 6 முதல் 20 வரையுள்ள போர்க் அளவுகோலில், தான் உணரும் களைப்பு 11க்கும் 13க்கும் இடையில் இருப்பதாக அவரே சொல்லப் பழக வேண்டும். நடந்தபடியே முழு வாக்கியம் பேச முடிந்தால் அந்த எல்லைக்குள் இருக்கிறார் என்று கொள்ளலாம். தலைச்சுற்று, நெஞ்சுவலி, படபடப்பு, வழமைக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தாலோ, கருவி எச்சரிக்கை ஒலி எழுப்பினாலோ, உடனே நிறுத்தி உட்கார வைத்து வைத்தியக் குழுவை அழையுங்கள். வீட்டுக் குருதியமுக்கக் கருவி இவர்களுக்குப் பல தடவை சரியாக வாசிக்காது; குருதியோட்டத்தை ஒலியலையால் அறியும் டொப்ளர் கருவி கொண்டு கிளினிக்கில் பார்ப்பதே நம்பகமானது. ஆரம்ப வாரங்களிலாவது மேற்பார்வையுடன் பயிற்சி செய்வதையே நான் விரும்புவேன்.

பதில்: பம்புடன் வாழ்பவரின் மனைவி, கொட்டாஞ்சேனை

தங்கச்சி, கொழும்பின் வெக்கையை முதலில் கணக்கில் எடுங்கள். வியர்த்து உடலில் நீர் குறைந்தால் இதயவறைக்குள் குருதி போதாமல், பம்பு அதன் சுவரையே உறிஞ்சப் பார்க்கும். அப்போது குருதியோட்டம் சரிந்து எச்சரிக்கை ஒலி வரும். தண்ணீருக்கு அளவு விதித்திருந்தால், வியர்க்கும் நாளில் எவ்வளவு கூட்டலாம் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நாங்கள் விடியற்காலையில் காலி முகத்திடலுக்குப் போகிறோம், மழையென்றால் மாடி நடைபாதையிலேயே நடந்துகொள்கிறோம்.

நூறு யார் தூரம் போவதென்றாலும் மாற்றுக் கட்டுப்பாட்டுக் கருவியும் மின்னேற்றிய பெற்றரிகளும் கூடவே வர வேண்டும். பெற்றரி மாற்றும்போது ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு பெற்றரிகளையும் ஒரே நேரத்தில் கழற்றக்கூடாது. பம்புக்கு மின்சாரம் கொண்டுபோக வயிற்றிலிருந்து வரும் கம்பியான டிரைவ்லைனைப் பட்டியால் அசையாமல் கட்டிவிடுங்கள். கதவுப்பிடியிலோ முச்சக்கரவண்டியில் ஏறும்போதோ ஒருமுறை இழுபட்டாலும் அந்த இடம் புண்ணாகிக் கிருமி தொற்ற வழியாகும். கடற்குளிப்பு, நீச்சல் இரண்டும் கிடையாது. குருதி உறையாமலிருக்க வார்பரின் மருந்து எடுப்பவர் விழுந்து தலை அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பதில்: மருத்துவ மாணவர், கொழும்பு

எதிர்பார்ப்பைச் சரியான இடத்தில் வைப்பது நல்லது. ஜேர்மனியின் பல மையங்களில் நடந்த எக்ஸ்-வாட் ஆய்வில், 12 வார மேற்பார்வைப் பயிற்சிக்குப் பின்னும் உச்ச ஒட்சிசன் உள்ளெடுப்பில் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. பம்பின் வேகம் மாறாதிருக்கையில் அது வியப்பன்று. ஆனால் 6 நிமிடத்தில் நடக்கும் தூரமும், அன்றாட வேலைகளைச் செய்வதில் நோயாளிகள் உணர்ந்த வலுவும் கூடின. 2014இல் வெளியான ரிஹாப்-வாட் ஆய்விலும், ஆறு வாரப் பயிற்சியால் கால்களின் வலுவும் வாழ்க்கைத் தரமும் முன்னேறின. இரண்டுமே சிறிய ஆய்வுகள். எனினும் உங்கள் அப்பாவைப் போன்ற ஒருவருக்கு, ஆய்வுகூட அளவையைவிடச் சந்திவரை போய்த் திரும்ப முடிவதே பெரியது என்று நான் எண்ணுகிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நடையுடன் சேர்த்து, தொடைக்கு வலுவூட்டும் பயிற்சி எதையும் வீட்டிலேயே செய்விக்கலாமா?

பதில்: இயன்மருத்துவர், தெஹிவளை

செய்விக்கலாம். கைப்பிடியுள்ள உறுதியான கதிரையிலிருந்து எழுந்து உட்காருவதே அவருக்கு ஏற்ற முதற்பயிற்சி. மூச்சை அடக்காமல், எழும்பும்போது காற்றை வெளியே விடச் சொல்லுங்கள். சத்திரசிகிச்சையில் பிளந்த நெஞ்செலும்பு முழுதாகப் பொருந்தியதை வைத்தியர் உறுதிசெய்யும்வரை கைகளை ஊன்றி உந்தி எழவோ பாரம் தூக்கவோ விடாதீர்கள். வயிற்றை மடக்கி எழும் பயிற்சியும் இடுப்பை முறுக்குவதும் டிரைவ்லைனை இழுக்கும் என்பதால் அவை எப்போதுமே வேண்டாம். தொடங்குமுன் சென்னைக் குழுவிடம் இந்தத் திட்டத்தைக் காட்டி, அப்பாவுக்கு அவர்கள் குறித்த பம்பு வேகத்தையும் குருதியமுக்க எல்லையையும் எழுத்தில் வாங்கி, கொழும்பில் அவரைப் பார்க்கும் இதயநோய் வைத்தியரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.