‘பாடி எர்த்’ ஆன ஸ்பீக்கர் ஒயருக்குத் தமிழ்ச் சொல்

வணக்கம்.

கார் ஸ்பீக்கர் பழுது பற்றிய கையேட்டின் தமிழ் வரைவில் ‘ஷார்ட் டு கிரவுண்ட்’ என்பதைப் ‘புவிக் குறுக்குச்சுற்று’ என்று போட்டிருக்கிறோம். மாற்றியே ஆக வேண்டும். ரப்பர் டயரில் நிற்கும் வண்டிக்குப் புவி எங்கே வந்தது? பேட்டரியின் மைனஸ் போய்ச் சேரும் இரும்பு பாடிதான் அங்கே கிரவுண்ட். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் டெக் (கார் ஸ்டீரியோ) மாட்டும் நம்மவர்கள் ‘ஒயர் பாடியில படுது’ என்பார்கள். அதிலிருந்தே எடுக்கலாம்: உடற்படல். ஒயர் அறுந்தால் அறுபடல். ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் தமக்குள் ஒட்டினால் மட்டும் குறுக்குச்சுற்று.

மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். இன்றைய டெக்குகளில் ஸ்பீக்கரின் மைனஸ் ஒயரும் பாடியோடு சேராது. டெக் ஓடும்போது இரண்டு ஒயரிலும் பேட்டரி மின்னழுத்தத்தில் பாதி, ஏறக்குறைய 6 வோல்ட், நிற்கும். எந்த ஒயர் பாடியில் பட்டாலும் டெக்கினுள் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. (சில்லு) தன்னைக் காத்துக்கொள்ள அடங்கிவிடும். பெரும்பாலும் நான்கு ஸ்பீக்கரும் ஊமையாகும். அறுபடலில் அந்த ஒரு ஸ்பீக்கர் மட்டும்தான் பேசாது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் நல்ல டெக்கைக் கழற்றி வீசுகிறார்கள்.

---

> உடற்படல்

பொருள் சரி. ஆனால் அச்சில் ‘உடன்படல்’ என்றே கண் படிக்கும். ஒயர் உண்மையில் படுவது கதவுத் தகட்டில். ‘தகடுபடல்’ என்றால் குழப்பமில்லை. ‘அறுபடல்’ அப்படியே இருக்கட்டும்.

சோதனை முறையையும் சேர்த்து எழுதுங்கள். டெக்கை அணைத்து, பின்னாலுள்ள ஒயர் இணைப்பான கப்ளரைக் கழற்றி, மல்டிமீட்டரை 200 ஓம் நிலையில் வைக்க வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கரின் இரு ஒயருக்கு இடையே 3 முதல் 4 ஓம் காட்டினால் நலம். இணைப்பே இல்லாததுபோல் அளவு எதுவும் காட்டாவிட்டால் அறுபடல். சுழியத்துக்கு (0) அருகில் என்றால் குறுக்குச்சுற்று. கண்டென்சர் (மின்தேக்கி) போட்ட ட்வீட்டர், அதாவது கீச்சொலிக்கான சிறு ஸ்பீக்கர், மட்டும் தனியாக இருக்கும் லைனிலும் மீட்டர் அளவு எதுவும் காட்டாது. அது பழுதல்ல.

---

தகடுபடலை ஏற்கிறேன். ஒரு நுணுக்கத்தை மட்டும் விடக்கூடாது: ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயில் வழியாக இரு ஒயரும் இணைந்திருப்பதால், ஒன்று பட்டாலும் தகட்டுக்கு இரண்டுமே அளவு காட்டும். குறைவாகக் காட்டுவதுதான் பட்ட ஒயர். மற்றதில் காயிலின் 3, 4 ஓம் கூடுதலாக இருக்கும்.

திருத்திய வரி:

“மீட்டரின் ஒரு முனையைப் பெயிண்ட் இல்லாத போல்ட்டில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு ஒயரையும் தொடவும். எந்த அளவு காட்டினாலும் தகடுபடல்; இரண்டில் குறைவாகக் காட்டுவதே பட்ட ஒயர். மீட்டரைப் பார்த்தபடியே கதவைத் திறந்து மூடவும். அளவு மாறினால் கீல் பக்கத்து ரப்பர் உறைக்குள் ஒயரின் தோல் உரிந்திருக்கிறதா என்று பார்க்கவும்.”